தாமோதரன் போடிமெட்டு ஏறியது

காசிமேட்டு விசைப்படகு டிரைவர் தாமோதரனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இருதயக் குழாயில் அடைப்பு கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். கடல்காரனுக்கு நடை எங்கே பழக்கம்? அவர் கியர் சைக்கிள் வாங்கிவிட்டார். விடிந்ததும் எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ஒட்டியே மிதிப்பார். கூட வருகிறவர் ராசையா. ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர், எதற்கும் அவசரப்படாதவர்.

ஒன்றரை வருடம் போனது. இனி கடலுக்குப் போவது உங்கள் விருப்பம் என்றுவிட்டார் டாக்டர். மனைவி செல்லம்மாதான் விடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும்போது அதை ஓட்டும் வீல் மருமகன் வெற்றியின் கையில்தான் என்றாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், சொன்ன விலையிலிருந்து லேசில் இறங்கமாட்டாள். தாமோதரனும் விடாமல் பேரம் பேசினார். ராசையா கடைக்கு ஏலக்காய் எடுக்கப் போடிக்குப் போகிறார். தானும் போய், கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக் கணவாயைச் சைக்கிளில் ஏறிக் காட்டினால் ஒத்துக்கொள்வாளா?

"எங்கியும் கால ஊனாம ஏறிட்டன்னா கடலுக்குப் போ," என்றாள் செல்லம்மா. "ஊனிட்டா வூட்ல குந்து. அவ்ளோதான் பேச்சு."

முந்தல் சோதனைச் சாவடி வரை மாந்தோப்புகளும் சமதரையும். அதற்கு மேல் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே சின்ன கியரில் போட்டுக்கொள்ளும்படி ராசையா சொன்னார். மலை எங்கேயும் ஓடிப்போகாது என்றும் சொன்னார். தாமோதரன் காதில் விழுந்தது, காலில் இறங்கவில்லை.

அவர் எண்ணூர்க் குப்பத்தில் கட்டுமரம் தள்ளி வளர்ந்தவர். கரையலையில்தான் முழு பலத்தையும் காட்டவேண்டும். மூன்றாவது அலைமடிப்பைத் தாண்டிவிட்டால் கடல் படுத்துக்கொள்ளும். துடுப்பை வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். அந்த உடம்புக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். முதல் மூன்று வளைவுகளை எழுந்து நின்று மிதித்தே தாண்டினார். நான்காவதில் திரும்பி, சாலை படுத்திருக்கிறதா என்று பார்த்தார். சாலை மேலேதான் போயிற்று. ஐந்தாவதிலும் அப்படியே. ஆறாவது வளைவில் மூச்சு அடைத்தது. கைப்பிடி கோணலாக ஆடியது. தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப் பின்னால் ஹாரன் அடித்ததும் இடது கால் தானாகத் தரைக்குப் போய்விட்டது.

நெஞ்சைத் தடவிப் பார்த்தார். வலி இல்லை. ஓரச் சுவரில் உட்கார்ந்தார்.

ராசையா வெகுநேரம் கழித்து, கடைக்குப் போகிறவரைப் போல வந்து சேர்ந்தார். தண்ணீர் கொடுத்தார். "நான் ஒண்ணும் பாக்கலங்கேன்," என்றார்.

தாமோதரன் எழுந்து சைக்கிளில் ஏறினார். சின்ன கியருக்கு மாற்றிக்கொண்டு ராசையாவின் பின்சக்கரத்தையே பார்த்தபடி மிதித்தார். எந்த வளைவும் படுத்துக்கொள்ளவில்லை; அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. கீழே போடி ஊர் தீப்பெட்டி தீப்பெட்டியாய்ச் சிறுத்துக்கொண்டு போயிற்று. காற்று குளிர்ந்தது. உச்சியில் டீக்கடை வாசலில் இறங்கியபோது பேசுகிற அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

போனை எடுத்தாள் செல்லம்மா.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். நடுவுல கால ஊனிட்டேன்."

அவளுக்குப் பின்னால் மார்க்கெட் இரைந்தது. யாரோ சங்கரா விலை கேட்டார்கள்.

"கடல்ல கால ஊன எங்கய்யா எடம் கீது?" என்று மெதுவாகக் கேட்டாள். குரலில் ஜெயித்த தொனி இல்லை.

அவர் ஏறி வந்த வளைவுகளைக் குனிந்து பார்த்தார்.

"வீல வெற்றிகிட்டயே குடுத்துடு," என்றார்.

சங்கரா கேட்டவருக்கு அவள் விலை சொல்லி அனுப்பினாள். பிறகு, "அந்தாண்ட இன்னா கீது?" என்றாள்.

தாமோதரன் கேரளத்துப் பக்கம் பார்த்தார். சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. எங்கிருந்தோ ஏலக்காய் வாசம் மட்டும் வந்தது.

"தெர்ல. பனி மூடிக்கினு கீது. எறங்கிப் பாத்துட்டு வரேன்."

"மெதுவா எறங்குய்யா."

ராசையா ஏற்கெனவே டீ கிளாஸை வைத்துவிட்டு, இரண்டு சைக்கிள்களின் பிரேக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.