ஆமென் சொல்வதற்குள்

பட்டாபிராம் ஸ்டேஷன். ஊழியத்துக்காக ஒடிசா கிளம்பிவிட்ட நானும் மனைவியும் மகளும் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கிறோம். மூவரும் கண்ணை மூட, பயணத்துக்காக நான் ஜெபிக்கிறேன். ரயில் சத்தம் கேட்கிறது. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் என்று நினைத்து ஜெபத்தை நீட்டுகிறேன். கண்ணைத் திறந்தால், எங்கள் ரயில் போய்க்கொண்டிருக்கிறது.

மகள் முறைக்கிறாள். பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் அம்மாவிடம், "ஒரு குரல் கொடுத்திருக்கலாமேம்மா?" என்கிறேன்.

"சாமி கும்புடும்போது எப்டி நைனா கூப்புட்றது?"

அடுத்ததையும் விட்டால் ஒடிசா ரயில் கிடைக்காது.

"நீங்க இன்னும் ஆமென் சொல்லலையே," என்கிறாள் மனைவி.

"வேண்டிக்கோங்க. வண்டி வந்தா நான் சொல்றேன்," என்கிறார் கடலைக்காரம்மா.

ஆண்டவரையும் அவரையும் நம்பி மறுபடி கண்ணை மூடுகிறோம்.

"நைனா, ஆமென் சொல்லு. வண்டி வந்துகினு கீது."