எங்கள் ஊரில் இல்லாத ஓடை

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசியில் நடந்தவை:

1. பெரியப்பா தன் வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுக்க முடிவு செய்தார்.
2. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்.
3. நான் எழுதினேன். ஒரு சொல்லை மட்டும் அவரைக் கேட்காமல் திருத்தினேன்.
4. மழை பெய்தது.
5. சர்வேயர் வந்து, ஓடை எங்கே என்று கேட்டார்.

வடக்கே அழகர்மலை நீலமாகத் தெரியும் மேட்டுநிலம் எங்கள் ஊர். அதன் நடுவே அரை மைல் நீளத்துக்கு ஒரு சிமெண்டுப் பாதை கிடந்தது. சண்டைக் காலத்தில் பிளேன் இறக்க வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள். சண்டை முடிந்ததும் அவன் கிளம்பிவிட்டான். பாதையை யாரிடமும் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. ஊர் எடுத்துக்கொண்டது. அதில் கடலை காயப்போட்டோம், சைக்கிள் பழகினோம். ஆனால் அதைக் களம் என்றோ ரோடு என்றோ யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'ஏரோட்ரம்'தான்.

ஏரோட்ரத்தின் ஓரத்தில் பெரியப்பா இரண்டு அறை வைத்து வீடு கட்டியிருந்தார். பட்டா இல்லை. எழுந்திரு என்று யாராவது வந்து சொன்னால் எழுந்திருக்க வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, அந்த வீட்டில் அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கும் ஏரோட்ரத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பார். ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பார்.

மனுவையும் நடந்துகொண்டேதான் சொன்னார்.

"ஏ தாயி, ஓடுதளப் புறம்போக்குன்னு போடு. வி.ஏ.ஓ. அப்படித்தான் போடச் சொன்னாரு."

ஓடுதளம் என்ற சொல்லை அதுவரை நான் கேட்டதே இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஓடையைத்தான் இப்படிச் சிதைக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் மனம் புண்படக் கூடாதே என்று ஒன்றும் சொல்லாமல் 'ஓடைப் புறம்போக்கு' என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னபோது, அவருக்குப் பிடித்த மாதிரி ஓடுதளம் என்றே வாசித்தேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான். அவர் கையெழுத்துப் போட்டார்.

சர்வேயர் வந்த அன்று காலையில் மழை கொட்டியிருந்தது. ஏரோட்ரத்தின் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. இரண்டு எருமைகள் அதில் படுத்திருந்தன. நான் நனைந்த கடலையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஓடை எங்கண்ணே?" சர்வேயர் மனுத்தாளைப் பார்த்துக்கொண்டே பெரியப்பாவைக் கேட்டார்.

"ஓடையா? இங்க ஏது சார் ஓடை? இது ஏரோட்ரம். பிளேனு ஓடுற எடம்."

"பிளேன் எங்க?"

"அது அப்பவே போயிருச்சுல்ல."

எதிர்வீட்டு மாமா சும்மா இருக்கவில்லை. "வந்தாலும் வரும் சார். எருமைய வேணா எந்திரிக்கச் சொல்றோம்."

சர்வேயர் சிரித்தார். ஆனால் தாளை விடவில்லை. "தண்ணி நிக்கிது. எருமை படுத்திருக்கு. ஓடைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நான் என்னண்ணே பண்ண?"

பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே கட்டம் காலியாக இருந்ததாம். மனுவில் இருந்ததை அதில் குறித்துக்கொண்டார்.

பெரியப்பா மனுவை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்தார். ஒரே இடத்தில் விரல் நெடுநேரம் நின்றது. நான் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவர் உள்ளே வந்ததும் பெரியம்மா கேட்டார். "என்னங்க ஆச்சு?"

"ஆபீஸ்ல எவனோ ஒரு கிளார்க்கு தப்பா எழுதிப்புட்டான்."

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் என் ஓடை சரிதான். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "அந்தாளுக்குத் தமிழே தெரியாதா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"தெரியாது போல தாயி. சின்னப் புள்ளையா இருப்பான்."

அதன் பிறகு பல நாள் அந்தக் கிளார்க்கை நான் பள்ளிக்கூடத்தில் திட்டிக்கொண்டு திரிந்தேன். ஓடை என்று பதிவான இடத்தில் வீட்டுக்குப் பட்டா தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் எத்தனை கிளார்க்குகள் இருந்தாலும், மனுவில் இருந்தது யாருடைய எழுத்து என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எனக்கு வரைபட வேலை. மதுரையைச் சுற்றி இப்படி மறைந்த ஓடுதளங்களைப் பழைய வரைபடங்களில் தேடி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒன்றில் வீட்டு மனைகள் வந்துவிட்டன. ஒன்று கருவேலங்காடு. இன்னொன்று நால்வழிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. எங்களுடையது மட்டும் இன்றைய வரைபடத்தில் நீல நிறத்தில், அரை மைலுக்கு ஓர் இடத்திலும் வளையாத ஓடையாக இருக்கிறது.

அதை மாற்றக் கோரி மனுக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தேதி வரவில்லை. பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. பட்டா இல்லை.