குடிப்பவர் இல்லாத ஊரில் ஒரு வி.ஆர். கண்ணாடி

1. பெட்டி வந்த நாள்

எங்கள் ஊரில் குடிப்பவர் எவரும் இல்லை. என் முப்பத்தொரு வருடத் தாதிச் சேவையில் இதை எனக்கு அறிவிக்காத பெரியவர் கிடையாது. கல்முனைக் கரையோரத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் மனநலப் பிரிவின் பொறுப்புத் தாதியாக இருந்தேன். இல்லாத அந்தக் குடிகாரர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார இடம் போதாமல் சுவரோரம் நிற்பார்கள். ஒவ்வொருவரின் கொப்பி மட்டையிலும் அவரவர் கையாலேயே "காஸ்ட்ரிக்" என்று எழுதியிருக்கும். நாங்கள் அழிக்கச் சொன்னதில்லை. உள்ளே கோவையில் சரியான நோய்க்குறி இருந்தது. சிகிச்சைக்கு அது போதும்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், ஓர் ஆய்வுத் திட்டத்தின் நன்கொடையாக ஒரு பெட்டி வந்தது. உள்ளே வி.ஆர். கண்ணாடி. கண்களை முழுதாக மூடிக்கொள்ளும். போட்டுக்கொண்டால் வேறோர் இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். தலையைத் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் உள்ளதும் தெரியும். களஞ்சியப் பொறுப்பாளர் அதை எந்தத் தலைப்பில் பதிவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கண்ணாடி, பெரியது, ஒன்று" என்று பதிந்தார். கையொப்பமிட்டு எடுத்துவந்தேன்.

இதன் முறையை இளையவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் நோயாளியை வார்டில் வைத்து, நடுக்கத்தைத் தணித்து, மாத்திரையை ஒழுங்குபடுத்த வேண்டும். பிறகு, அவருக்குக் குடி ஆசையைக் கிளப்பும் இடத்தைக் கண்ணாடிக்குள் காட்டுவோம். விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப் இருக்கும். ஆசை எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துவரை அவர் சொல்ல வேண்டும். ஏறிய ஆசை இறங்கும்வரை நாங்கள் பக்கத்தில் இருப்போம். குடிக்காவிட்டாலும் அது இறங்கும் என்பதை உடம்பு பழக வேண்டும். மொத்தம் எட்டு அமர்வு.

முதலில் அமர்ந்தவர் நிஸ்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்ற வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார்; விதி விதிதான். நாற்பத்திரண்டு வயது, வரிப்பத்தான்சேனை வயற்கண்டங்களில் நெல் வேளாண்மை வெட்டும் மெஷின் ஓட்டுபவர். மூன்று முறை எங்கள் வார்டில் இருந்து, மூன்று முறையும் அடுத்த வெட்டுக் காலத்தில் மறுபடி குடியில் விழுந்தவர். அவருடைய மனைவி பரீனா என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்:

"இந்த வெட்டுக்கும் குடிச்சிட்டு வந்தாரெண்டா உடுப்ப மூட்டையாக் கட்டி வாசல்ல வெச்சிருவன் மிஸ்ஸி. அது என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு. வெளிய போறதெண்டா அவருதான் போகணும்."

வெட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது.

கண்ணாடிக்குள் திட்டக்காரர்கள் வைத்திருந்த காட்சி வெளிநாட்டு மதுச்சாலை. உயரமான ஸ்டூல்கள், நீலநிற விளக்கு, கால் நீண்ட கிளாஸ்கள், தங்கநிற முடியோடு சிரிக்கும் ஒரு பெண். நிஸ்தார் ஐந்து நிமிடம் அமைதியாகப் பார்த்தார்.

"ஆசை எவ்வளவு?" என்று எங்கள் மனநல மருத்துவர் டொக்டர் சிவகௌரி கேட்டார்.

"பூச்சியம், டொக்டர். நல்ல ஹோட்டல். ஏசியும் போட்டிருப்பாங்க போல."

நாடித்துடிப்பு பள்ளிவாசலில் இருக்கும் மனிதனுடையதுபோல் நிதானமாக இருந்தது.

2. கத்தம் வீடு

டொக்டர் ஆலையடிவேம்புக்காரர், எடுத்த காரியத்தை விடமாட்டார். "நம்மட இடத்தையே எடுப்பம் சிஸ்டர்" என்றார். சுற்றிலும் படமெடுக்கும் கமராவைத் திட்டக்காரர்கள் அனுப்பினார்கள். வெற்றுச் சாராயப் போத்தலுக்கு அலையவே இல்லை. குடிப்பவர் இல்லாத ஊரின் வாய்க்காலில் ஐந்து நிமிடத்தில் மூன்று பொறுக்கினோம். அதில் சாராய நிறத்துக்காகப் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றினேன். வயல் காவலுக்குப் போட்ட குடிசையான வாடியில் பாய் விரித்து, தட்டத்தில் நான்கு கிளாஸ், ஐஸ்கட்டி, வறுத்த கச்சான்கடலை எல்லாம் ஒழுங்காக அடுக்கி, வார்டு உதவியாளர் இருவரைச் சப்பணமிட்டு உட்காரவைத்தேன். அந்தக் கமரா எல்லாப் பக்கமும் பார்க்கும் என்பதால் நானும் டொக்டரும் வரம்புக்குப் பின்னால் குந்திக்கொண்டோம். வழியே போன ஒரு விவசாயி சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மிஸ்ஸி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல காக்கா, நிழலுக்கு இரிக்கிறம்."

நிழலே இல்லாத இடம் அது. அவர் வாடியைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

நிஸ்தாருக்கு அதைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"மிஸ்ஸி, இது ஓதிச் சாப்பாடு குடுக்கிற கத்தம் ஊடு மாதிரி இரிக்கி. நடுவுல சோத்துச் சஹன் வைக்கிறதுதான் குறை. ஆர் இப்பிடிப் பாய்போட்டு இருந்து குடிக்கிற? அதோட அது பிளேன்டீ. எனக்கு இங்கிருந்தே தெரியிது."

குடியை வாழ்நாளில் தொடாத இரண்டு பெண்கள் செய்த படம் வேறெப்படி இருக்கும்? "அப்ப நீங்க சொல்லுங்க, எப்பிடி?" என்றேன்.

அவர் குரல் இறங்கியது. "கிளாஸ் இல்ல மிஸ்ஸி. மெஷினுக்குப் பின்னால, டீசல் கேனுக்குப் பக்கத்தில, ஈரச் சாக்குக்குக் கீழ சாராயம் ஊத்தின சோடாப் போத்தல் கிடக்கும். ஒராள் குடிக்கக்குள்ள மத்தாள் வீதியப் பாக்கணும். ஆரும் வாறாங்களா எண்டு. ரெண்டு நிமிசம்தான். மறுகா மணம் தெரியாம வாய்க்குள்ள கராம்பு."

"எதுல ஆசை தொடங்குது?"

யோசித்தார். "வீதியப் பாக்கிறதுலதான்."

முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நாங்கள் மீண்டும் எடுத்தோம். பாயில்லை, கிளாஸில்லை. நிறுத்திய மெஷின், ஈரச் சாக்கு, பின்னால் வெறும் கிரவல் வீதி. சாக்குக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர் "மச்சான், வீதியப் பாரு" என்று ஒருதரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதைக் கேட்டதும் நிஸ்தாரின் தலை பின்பக்கம் திரும்பியது. போத்தலை அவர் பார்க்கவே இல்லை. நாடித்துடிப்பு நூற்றுப்பதினெட்டு. நெற்றி வியர்த்தது. "ஒம்பது" என்றார். நாற்பது நிமிடம் கூட இருந்தோம். மூன்றுக்கு இறங்கியது.

3. எழுத்தில் தாருங்கள்

ஐந்தாவது அமர்வு முடிந்த வாரம் எங்கள்மேல் புகார் சொல்லி ஒரு பெட்டிசம் வந்தது. ஆஸ்பத்திரிச் சிஸ்டர் வயலுக்குச் சாராயம் கொண்டுபோனதாகவும், கதவைச் சாத்திக்கொண்டு முஸ்லிம் ஆண்களுக்குக் குடிக்கும் படம் காட்டுவதாகவும், நோன்பு வரும் நேரத்தில் இது ஊருக்குப் பழி என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் வழக்கம்போல் "நலன்விரும்பி".

வைத்திய அத்தியட்சகர், நாங்கள் எம்.எஸ். என்று சொல்பவர், என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பிரச்சினை இல்லாத நாட்களில்.

"சிஸ்டர், அந்தக் கண்ணாடிய இப்போதைக்கு நிப்பாட்டுங்க. பெருநாளைக்குப் பிறகு பாப்பம்."

"பெருநாளைக்கு முந்தி வெட்டு முடிஞ்சிரும் சேர். ஒராளுக்கு இன்னும் மூணு அமர்வு இரிக்கி."

"ஒராள்தானே?"

"ஓம் சேர், ஒராள். நிப்பாட்டச் சொல்லி எழுத்தில தாங்க. மருத்துவக் காரணத்தையும் எழுதுங்க. கோவையில போடணும்."

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். காரணம் என்று எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. "என்னத்துக்கு இப்பிடிப் பிடிவாதம் சிஸ்டர்? ஓய்வுபெற எத்தின மாசம் இரிக்கி?"

"ஏழு சேர். அதுக்குள்ள மூணு அமர்வு முடிஞ்சிரும்."

வாய்மொழி உத்தரவு எனக்குக் காதில் விழுவதில்லை. இது வயதின் கோளாறு அல்ல. சேவையில் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது.

எழுதித் தராத எம்.எஸ். வேறு வழி கண்டுபிடித்தார். ஊர்ப் பெரியவர்கள் மூவரைச் செவ்வாய்க்கிழமை காலை "ஒருக்கா வந்து பாருங்க" என்று அழைத்துவிட்டார். அன்று பத்து மணிக்குத்தான் நிஸ்தாரின் ஆறாவது அமர்வு. நிஸ்தாருக்குப் போன் பண்ணி, அன்றைக்கு வர வேண்டாம் என்றேன். அவர் "ம்" என்று வைத்துவிட்டார்.

4. பத்துக் கேள்வி

மூவரும் வந்தார்கள். நடுவில் ஹாஜியார் ஒருவர், கடைவீதியில் எல்லோரும் எழுந்து வழிவிடும் மனிதர்.

"ஆரெல்லாம் இங்க வாறாங்க? பேரைக் காட்டுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நோயாளியின்ட பேர் காட்ட ஏலாது. உங்கட மகன் வந்தாலும் உங்களுக்குக் காட்டமாட்டன். நீங்க வந்தா மகனுக்கும் காட்டமாட்டன்."

"அப்ப அந்தப் படத்தையாவது போடுங்க, பாப்பம்."

"தாராளமாப் பாருங்க" என்று மூன்று படிவங்களை நீட்டினேன். கண்ணாடி அணியும் எவரும் முதலில் பத்துக் கேள்விக்குப் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று திட்டத்தின் நடைமுறைக் குறிப்பில் இருந்தது. "நோயாளி" என்று இருக்கவில்லை, "எவரும்" என்று இருந்தது. அந்தச் சொல்லைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியாது; அவருக்காக நான் துஆச் செய்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்தவர் முதல் கேள்வியை வாய்விட்டு வாசித்தார். "நீங்கள் எவ்வளவு அடிக்கடி மது அருந்துகி..." படிவம் மேசைக்குத் திரும்பியது. "இதுல நாங்க கையெழுத்து வைக்கிறயா? என்ன கதை கதைக்கிறீங்க?"

"இல்லையெண்டு எழுதுங்க. பொய்யில்லையே?"

"எழுதினாலும் ஆரும் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அதைத்தான் இங்க வாற ஒவ்வொருத்தரும் நினைக்கிறாங்க" என்றேன்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. நிஸ்தார். பின்னால் பரீனா. மூவரையும் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. தலை தன்பாட்டில் வாசல் பக்கம் திரும்பியது, கண்ணாடிக்குள் வீதியைப் பார்க்கத் திரும்பியதே, அதேபோல. நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹாஜியார், நீங்க பேர் கேட்டது வெளிய கேட்டிச்சி. நிஸ்தார். மெஷின் ஓட்டுற நிஸ்தார். பத்து வருசமாக் குடிச்ச. இப்ப அறுவத்தொரு நாளாக் குடி இல்ல. எழுதிக்கொள்ளுங்க."

ஒருவரும் எழுதவில்லை.

"இனி நான் வீதியப் பாக்கத் தேவல்ல" என்றார், யாரிடம் என்று இல்லாமல். கதிரையில் உட்கார்ந்தார். "மிஸ்ஸி, கண்ணாடியப் போடுங்க. பத்து மணியாகுது."

போட்டேன். ஹாஜியார், கண்ணாடிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். எம்.எஸ். கேட்டபோது, "நாங்க ஒண்டும் பாக்கல்ல" என்றாராம். எங்கள் ஊரில் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த அனுமதி அது.

5. மூன்றாவது நிரல்

எட்டு அமர்வும் முடிந்தன. நிஸ்தார் வெட்டுக்குப் போனார். பன்னிரண்டாம் நாள் குடித்தார்.

மறைத்து என்ன பயன்? கண்ணாடிக்குள் மணம் கிடையாது. வயலில் இருந்தது. மூடியைத் திறந்த மணத்தில் இரண்டு வாய் உள்ளே போய்விட்டது என்றார். முந்திய மூன்று முறையும் அந்த இரண்டு வாய் இரண்டு கிழமையாகி, பரீனா மச்சான்மாரைக் கூட்டிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு வருவார். இந்த முறை மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியிடம் தானே சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலை கிளினிக் திறக்க முன்னமே வாங்கில் இருந்தார்.

"மூட்டை கட்டி வெச்சிட்டன் மிஸ்ஸி" என்றார் பரீனா. "ஆனா நான் வாய மணந்து பாத்துப் பிடிக்கல்ல. அவராத்தான் வந்து சொன்னாரு. இப்ப அவுக்கிறயா, விடுறயா?"

"அது உங்கட ஊடு. நான் சொல்ல ஏலாது."

அவிழ்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் நிஸ்தார் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார்.

எம்.எஸ்.ஸுக்குச் செய்தி போயிருந்தது. "பாத்தீங்களா சிஸ்டர்? இவ்வளவு சண்டை பிடிச்சீங்க."

"கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறி வாற ஆக்களுக்காக நீரிழிவுக் கிளினிக்கை மூடினீங்களா சேர்?"

பிரிவின் காலாண்டு அறிக்கை என் கையில் இருந்தது. அச்சிட்ட படிவம், அதில் மேலிருந்து கீழாக இரண்டு நிரல்தான்: "குணமடைந்தோர்", "மீண்டும் அருந்தியோர்". அச்சிட்ட படிவத்தில் எவரும் மாற்றம் செய்யக்கூடாது. அந்த விதியைப் புதிய தாதிகளுக்கு வருடாவருடம் வகுப்பெடுத்தவளே நான்தான். கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, ஓரத்தில் நேராக ஒரு கோடு போட்டேன். தலைப்பு: "மீண்டும் அருந்தி, மறுநாளே தானாக வந்தோர்". அதன் கீழே: ஒன்று.

படிவம் திருப்பி அனுப்பப்பட்டது. மேலதிக நிரலை நீக்கி மீளச் சமர்ப்பிக்கும்படி சிவப்பு மையில் குறிப்பு. புதிய படிவம் எடுத்தேன், மறுபடி அதே கோட்டைப் போட்டேன், நீக்குவதற்கான மருத்துவக் காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு முகப்புக் கடிதமும் வைத்தேன். நான் ஓய்வுபெறும்வரை பதில் வரவில்லை. என் இடத்துக்கு வந்த பிள்ளைக்குப் பொறுப்புக் கையளித்தபோது ஒன்றுதான் சொன்னேன்: எந்தப் படிவத்திலும் உன் நோயாளிக்கு இடமில்லையென்றால் அடிமட்டத்தை எடு. கோடு நேராக இருக்கட்டும்.

கடைசியாகக் கேள்விப்பட்டபோது அந்த நிரலில் எண் பதினொன்றாகியிருந்தது.