பிலோமினாவின் பூட் பிளாப்பி

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, வாடிக்கையாளர் நம் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க, கறுப்புத் திரையை வெறித்தபடி எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டும் தொழில். அதில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் தி. நகர் கடையொன்றில் அப்படித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவள் பிலோமினா, சாந்தோம் பெண், எனக்கு ஆறு மாதம் ஜூனியர். செத்துக் கிடக்கும் மெஷினில் அவள் பிளாப்பியைச் செருகினால் உயிர் வரும். எனக்கு வயிறு எரியும்.

காப்பி

ஒருநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில், மெஷினைக் கிளப்பிவிடும் அவளுடைய பூட் பிளாப்பியில் இருந்த ஃபைல்களை எல்லாம் என் பிளாப்பிக்குக் காப்பி செய்துகொண்டேன். மறுநாள் மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் வீட்டில் அதைச் செருகினேன். 'இது சிஸ்டம் டிஸ்க் இல்லை' என்றது திரை. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதையேதான் சொன்னது.

மெஷின் முதலில் படிப்பது பிளாப்பியின் முதல் செக்டரை, அதாவது தட்டின் முதல் துண்டை. சிஸ்டத்தின் மூளையான கெர்னலைத் தேடி மெமரியில் ஏற்றும் குட்டி புரோகிராம் அங்கேதான் இருக்கும். அது ஃபைலே இல்லை, காப்பி செய்தால் வராது. அப்போது எனக்கு இது தெரியாது. ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணையே அனுப்பியிருக்கலாமோல்லியோ? அவ தொட்டா எழுந்துண்டுடறது, நீங்க தொட்டா படுத்துக்கறது."

இரண்டாவது பிளாப்பி

அடையாறில் ஒரு பேராசிரியர் வீட்டில் லினக்ஸ் போட வேண்டும். பிலோமினாவுக்குப் போக வேண்டிய வேலை. முதலாளியிடம் சண்டை போட்டு நான் வாங்கிக்கொண்டேன். முதல் பிளாப்பி கரகரவென்று ஓடியது, திரையில் புள்ளிகள் வரிசை கட்டின, கெர்னல் ஏறியது, வரிவரியாக ஏதோ எழுதிவிட்டு நின்றுபோனது. ஆஃப் செய்து மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது. நாலாவது முறை பட்டனில் கை வைத்தபோது பேராசிரியர் தடுத்தார்.

"தம்பி, அது நிக்கல, ரெண்டாவது பிளாப்பியைப் போடுன்னு கேக்குது. கடைசி வரியைப் படிக்கவே மாட்டீங்களா?"

கைப்பை

அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன். மறுநாள் பிலோமினா திருவான்மியூரில் ஒரு பள்ளிக்குப் புறப்பட இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கான பெயர்ப் பட்டியல் முழுவதும் அங்கே பூட் ஆகாத மெஷினில் மாட்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் தேர்வுத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அவள் கிளம்புமுன் அவள் கைப்பையில் இருந்த பிளாப்பியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். முதலாளி, "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். எழுந்து ஓடிப்போய்த் திருவான்மியூர் பஸ் பிடித்தேன்.

வியர்க்க விறுவிறுக்கப் போய் நின்றால், பிரின்டரில் பட்டியல் வந்துகொண்டிருந்தது. பிளாப்பியை நீட்டி, நான்தான் எடுத்தேன் என்றேன். பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். என்னோடது டப்பாவுல பத்திரமா இருக்கு. ஆடிட்டர் வீட்டுக் கதை என் காதுக்கும் வந்துச்சு, அது உங்களுக்குன்னு நேத்து எழுதினது, முதல் செக்டரோட. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

ஏழு வருடம் அந்தத் தொழிலில் இருந்தேன். பொறாமைப்பட்ட நேரத்தைக் கழித்தால், வேலை பார்த்தது நாலு வருடம் தேறும்.