நடுச் சம்படம்

பெரிய சம்படத்துக்குள் சின்னச் சம்படம் உருண்டு மோதுகிற சத்தம், பரணிலிருந்து அதை இறக்கும்போதெல்லாம், இன்றைக்கும் என் பல்லில் கூசும். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவைத்தான் எங்கள் பக்கத்தில் ‘சம்படம்’ என்போம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்றை, எனக்கு முதல் சோறூட்டிய அன்று, அம்மாவின் ஒரே தம்பியான மாமா சீராகக் கொண்டுவந்து வைத்தார். மூன்றிலும் புள்ளிபுள்ளியாக ‘லீலா’ என்று என் பேர் வெட்டியிருந்தது. இப்போது இருப்பது இரண்டு. நடு ஒன்று இல்லாததால் சின்னது நிலைகொள்ளாமல் உருள்கிறது.

வடக்கே ஒரு பெருநகரத்தில் ஓட்டல் வேலைக்கிருந்த மாமா, விடுப்பு முடிந்து திரும்பும்போதெல்லாம் அம்மா ‘முந்திரிக்கொத்து’ சுடுவாள். வறுத்துப் பொடித்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் உருண்டையாகி, அரிசிமாவில் முங்கி, எண்ணெயில் மூன்று மூன்றாய் ஒட்டிக்கொண்டு எழும் அந்த மணம் தெருமுனை வரை போகும். எனக்கு ஆறு வயதான ஆண்டு, ஜூன் மாத இடவப்பாதி மழையில், சூடு ஆறுமுன்னே நடுச் சம்படத்தில் அடைத்துக் கொடுத்தாள்.

“சம்படம் பத்திரம்லே. மூணும் இருந்தாத்தான் அடுக்கு.”

“எக்கா, ஒனக்குத் தம்பியவிட சம்படம்தான் பெருசு. மருமவ பேரு வெட்டியிருக்குல்லா? எவன் எடுத்தாலும் கொண்டு தந்துருவான். போய்ச் சேருறது வரைக்கும் மூடியத் தெறக்க மாட்டேன், கூட இருக்கப் பயலுவளுக்கும் வேணும்லா.”

“ரெண்டெண்ணமாவது வழியில தின்னுலே!” என்று இரணியல் ஸ்டேஷனில், ரயில் நகர நகர, அம்மா கத்தினாள்.

மாமா போய் இறங்கிய நடைமேடையில் யாரோ குண்டு வைத்திருந்தார்கள். வந்தது ஆணியடித்த பெட்டி, ‘தெறக்காண்டாம்’ என்றார்கள். துட்டிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: “அவன் தின்னானா, தின்னலியா?” புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து சுடவில்லை.

சென்ற மாதம், அந்த நகரத்தில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுப் பையன் ஒரு படம் அனுப்பினான். குண்டில் இறந்தவர்களுக்காக அங்கே கட்டியிருக்கும் நினைவிடத்தின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சம்படம், அதில் ‘லீலா’. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். “கூட்டிட்டுப் போ மக்கா. கேக்கணும்.”

கறுப்புக் கல் சுவரில் மாமாவின் பேரைத் தேடிக் காட்டினேன். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத அம்மா, நான் விரல் வைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே ஒற்றைச் செருப்பு, கம்பி வளைந்த குடை. அடுத்ததாக, ஒரு பக்கம் நசுங்கிச் சொட்டையாகி, எங்கள் நடுச் சம்படம். கீழே ஆங்கிலத்தில் ஓர் அட்டை: ‘லீலா. சிறுமி. வேறு விவரம் தெரியவில்லை.’

பாத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர்கள்தான் உடையவர், சின்னப் பாத்திரம் என்பதால் பள்ளிக்குச் சோறு கொண்டுபோகிற பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். மருமகளுக்கு வைத்த சீரில் மாமாவே பலகாரம் கொண்டுபோவார் என்று அவர்களுக்கு யார் சொல்வது! பெட்டியின் முன்னே மிட்டாய்கள் கிடந்தன. பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்காக.

அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏ பிள்ளே, லீலா சாவல்ல! இன்னா நிக்கால்லா, குத்துக்கல்லு மாதிரி!”

ஓடிவந்த காவல்காரப் பையனுக்கு ‘லீலா’ மட்டும் புரிந்தது. இறந்த குழந்தையின் தாய் என்று முடிவுகட்டி, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அம்மாவின் காலைத் தொட்டான். குழந்தையல்ல, மாமா என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். மாமாவும் போய்விட்டாரா என்று இன்னும் வாடிப்போனான்.

“அதெல்லாம் கெடக்கட்டு. எடுக்கும்போ உள்ள ஏதும் இருந்துச்சான்னு கேளு.”

கேட்டேன். அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “காலி, அம்மா. குழந்தை எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தது” என்றான்.

‘குழந்தை’யை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: “ஒண்ணும் இல்லையாம்மா. தின்னாச்சாம்.”

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நேத்துப் பொறந்த பய, இவனுக்கு எப்பிடித் தெரியும்? பாவம், நம்ம மனசுக்காவச் சொல்லுதான்.” அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

அட்டையை மாற்றச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மாற்றினால், அவன் சொன்ன அந்த ஒரு வாய்ச் சாப்பாடும் மாமாவுக்கு இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. நான் அங்கே செத்துப்போன சிறுமியாகவே இருக்கிறேன்.

மாமாவின் குரல்கூட இப்போது நினைவில் இல்லை, சொற்கள்தான் கிடக்கின்றன. இன்று காலை பரணிலிருந்து சம்படத்தை இறக்கிய அம்மா, சத்தம் பொறுக்காமல், பழைய துவர்த்துத் துண்டு ஒன்றைச் சுருட்டி நடுவில் திணித்தாள். சத்தம் நின்றது. பிறகு தானே அதை உருவி எடுத்துப்போட்டுவிட்டு, சம்படத்தைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினாள்.