கடைக்கூறு

நாங்கள் நாவலைப் படிப்பதற்கு முன்னால் அறுப்போம். ஆட்டுக்கறியைக் கூறு போடுவதுபோல மூன்று கூறு. அறுப்பது என் வேலை. கொல்லிமலை மேலே, செம்மேட்டு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள் நான். கத்தி பிடிக்கக் கூசாதவள் என்று மற்ற இருவரும் அந்தப் பாவத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். புத்தகத்தின் முதுகுப் பசையில் பிளேடை வைத்து இழுத்தால் முன்கூறு, நடுக்கூறு, கடைக்கூறு. ஒரே நாவலை மூன்று பேரும் ஒரே சமயத்தில் படித்து, மாற்றிக்கொண்டு முடித்துவிடலாம்.

வாரக் கடைசியில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவேன். அங்கே என்னைப் பெற்ற அத்தா கடை வைத்திருக்கிறார். திரும்பி வரும்போது பெட்டிக்கடையில் தொங்கும் மாத நாவல் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். பஸ்ஸில் பிரிக்க மாட்டேன். கொண்டை ஊசி வளைவில் படித்தால் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். கீழே எல்லாரும் போனில் கதை படிக்கப் போய்விட்டார்கள். எங்கள் மலையில் டவர் வருவதும் போவதுமாக இருப்பதால் காகிதம் பிழைத்துக் கிடந்தது.

மத்தியானச் சோற்றுக்கு லேபின் பின்னறையில் மூவரும் கூடுவோம். ஒருத்தர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற சாதுவான கிறிஸ்தவப் பெண்மணி, ஆனால் படிப்பது தலை உருளும் சரித்திர நாவல். இன்னொருத்தி எங்களில் சின்னவள். தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. மலை வாழைத்தாரும் பலாவும் ஏற்றி இறக்குகிற வேன்காரன் ஒருவனைக் கட்டியிருந்தாள். அவளுக்குக் குடும்ப நாவல்தான் உயிர். அதிலும் ஒரே ஒரு எழுத்தாளர் அம்மா.

எனக்குப் பிடித்தவர் துப்பறியும் கதைக்காரர். அவர் நாவலில் முதல் பக்கத்திலேயே பிணம் விழும். செத்தவன் செத்தவன்தான். குத்தியவன் கடைசியில் மாட்டுவான், அவனைக் கட்டிப்பிடித்து யாரும் அழ மாட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

"கழுத்தறுத்தாத்தான் உனக்குச் சோறு இறங்கும்" என்பார் டீச்சர்.

"உங்க ராஜா ஒரே பக்கத்துல ஒரு படையவே வெட்டிச் சாய்க்கிறானுங்களே, அது பரவால்லீங்களா?" என்பேன்.

"அது போரும்மா."

"வெட்டுப்பட்டவனுக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க டீச்சர்."

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், அந்த எழுத்தாளர் அம்மாவைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், டீச்சருக்குக் கொட்டாவி வரும் என்பதுதான். மாதம் மாதம் ஒரே கதை. ஆறடி உயரத்தில் ஒருவன், எப்போதும் கோபம். கல்யாணமான சூட்டோடு பெண்டாட்டியைக் கன்னம் வீங்க அறைவான். நடுக்கூறில் சந்தேகப்பட்டு மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான். கடைக்கூறில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விடுவான். அவளும் அவன் மார்பில் சாய்ந்துவிடுவாள். அறைந்த கன்னத்திலேயே முத்தம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிட்டது. பின்னட்டையில் எல்லா மாதமும் அதே போட்டோ, அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும்.

சின்னவள் எப்போதும் கடைக்கூறைத்தான் முதலில் கேட்டு வாங்குவாள். துப்பறியும் நாவலில் இது கொலைக்குச் சமம் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். அவள் சிரிப்பாள்.

"முடிவு நல்லாருக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க்கா முன்னால அவ படற அடியத் தாங்க முடியுது."

அவள் நாவலைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். முழுக்கை ரவிக்கைக்குள்ளே மணிக்கட்டில் கன்றிப்போன விரல் தடங்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அவுருக்குப் பாசம் அதிகமுங்க்கா, அதான் கோபமும்" என்பாள். அது அந்த எழுத்தாளர் அம்மாவின் வசனம், ஒரு எழுத்துக்கூட மாறாமல். எனக்கு வயிறு எரியும். அவனை நினைத்து எரிந்ததைவிட அந்தப் பின்னட்டைச் சிரிப்பை நினைத்து அதிகம் எரிந்தது.

ஒருநாள் காலையில் இடது காதில் துணியைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். துணியில் ரத்தம். சாம்பாரில் உப்பு கூடிப்போயிற்றாம், விட்டான் ஒரு அறை. ஜவ்வு கிழிந்துவிட்டது, இந்தக் காது இனி அநேகமாகக் கேட்காது என்றார் டாக்டர். "இன்னொரு காதும் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு. இன்னும் ஒரு அறை விழுந்தா அதுவும் போயிரும்மா. பேச்சுச் சத்தமே இல்லாம இருக்கணும், பரவால்லியா?" என்று அவள் வலது பக்கமாக வந்து நின்று சொன்னார். அவள் தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

"போலீசுக்குப் போலாம் வா கண்ணு" என்றேன். "யோசிக்கிறேனுங்க்கா" என்று வீட்டுக்கே போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு டெஸ்ட் டியூபைக் கீழே போட்டு உடைத்தேன்.

அவள் லீவில் இருந்த நாட்களில் டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு, அந்த மாத நாவலின் முன்கூறையும் கடைக்கூறையும் கொடுத்துவிட்டு வந்தார். அங்கேதான் பிசகு நடந்தது. டீச்சர் பையில் அதே அம்மாவின் பழைய நாவல் ஒன்றின் கடைக்கூறும் கிடந்தது. முன்னட்டை முன்கூறோடு போய்விடும், கடைக்கூறில் பின்னட்டை மட்டும்தான். அதில் அதே போட்டோ. உள்ளேயும் பெரும்பாலும் 'அவன்', 'அவள்'தான். டீச்சர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பழைய கதையில் கடைசியில் ஒரு திருடன் வருவான். நான் போட்ட பிளேடு அவன் வருகிற வாக்கியத்தின் நடுவில் விழுந்து, 'திருடன்' என்ற சொல் நடுக்கூறோடு போய்விட்டது. அதனால் அவள் கையில் கிடைத்த கூறு, 'கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தான்' என்று ஆரம்பித்தது. குடித்திருக்கிறான், கையை ஓங்குகிறான். கதைப் பெண் அடுப்பிலிருந்த இரும்புத் தோசைக்கல்லைப் பிடியோடு தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்குகிறாள். எலும்பு முறிகிற சத்தத்தை அந்த அம்மா ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். திருடனுக்காக எழுதியது. சின்னவள் புருஷனுக்காகப் படித்தாள்.

அடுத்த வாரம் காலையில் லேப் வாசலில் அந்த வேன்காரன் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு பலாப்பிஞ்சு மாதிரி வீங்கி, தோல் கருகிப்போயிருந்தது. சர்க்கரை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"எப்படி ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"வேன் கதவு இடிச்சிருச்சுங்க."

"வேன் கதவு சுடுமுங்களா?"

அவன் இடது கையை நீட்டினான். நான் ஊசியை மெதுவாகக் குத்தவில்லை. "ஆவ்" என்றான். அந்த ஒரு சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மத்தியானம் அவள் துணிப்பையோடு பின்னறைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் ஜொலித்தது.

"சோத்துத் தட்டை வீசிட்டுக் கைய ஓங்கினாருங்க்கா. காதுக்குத்தான் வந்துது கை. எனக்குக் கதையில அவ செஞ்சதுதான் ஞாபகம் வந்துது. கல்லு அடுப்புல காஞ்சிட்டிருந்துது. அடிச்சுப்போட்டேன்." பிறகு சொன்னாள்: "அந்தம்மா இந்தத் தடவைதானுங்க்கா சரியா எழுதியிருக்காங்க."

எனக்கும் டீச்சருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் அந்தக் கூறை எடுத்துக் காட்டிய பிறகுதான் டீச்சர் முகம் மாறியது. அது வேறு கதையின் கூறு என்று அவளிடம் இருவரும் சொல்லவில்லை. அவளை என் அறையிலேயே தங்கவைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாளில் அவன் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினான். கையில் மாவுக்கட்டு, இனிமேல் கையே நீட்ட மாட்டானாம், அழுகிறானாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்ட ஓர் ஆளோடு வேனில் வந்து கூட்டிப் போவானாம். நாவலில் வருகிற கடைக்கூறு அப்படியே நடந்து வருகிறது. அவள் யோசிக்க ஆரம்பித்தாள். சோறு பிசைந்துகொண்டே, "அழறாருங்களாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கூறை எடுத்து அவளிடம் நீட்டினார். அசல் கடைக்கூறு.

"நான் மாத்திக் குடுத்துட்டேன் சாமி. அது வேற கதை. அதுல வந்தவன் திருடன். இதுதான் நீ படிச்ச கதையோட முடிவு."

எனக்குத் தலைக்கு ஏறியது. "உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா டீச்சர்? இன்னிக்கா குடுப்பீங்க இத? அவ காதுங்க அது!" என்று கத்தினேன். கூறைப் பிடுங்கப் போனேன், டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார்.

"பொய்யை நம்பி ஒரு முடிவு எடுத்தான்னா, அது நாளைக்கு நிக்காதும்மா. அவளே படிக்கட்டும்."

அதற்குமேல் பேசியிருந்தால் டீச்சரை அடித்திருப்பேன். அப்போதும் என் நியாயம்தான் சரியென்று நினைத்தேன், இப்போதும் பாதிக்குமேல் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் வலது பக்கம் எங்களுக்கு இருக்கும்படி திரும்பி உட்கார்ந்து படித்தாள். உதடு அசைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது, கண்ணீர் வந்தது, மார்பில் சாய்வது வந்தது. எனக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும். இந்த மாதம் கூடுதலாக, கோபப்பட வைத்ததற்கு அவளே அவனிடம் மன்னிப்பும் கேட்பாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் கூறைப் புரட்டிப் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிளேடை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஏனுங்க்கா" என்றாள்.

"சொல்லு கண்ணு."

போட்டோவின் சிரிப்பின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்குமுங்களா?"

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வலது காதை ஒரு கையால் பொத்திக்கொண்டாள், மறு கையால் சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.