சாமுவேல் பாஸ்டர் வந்த திங்கட்கிழமைகள்

போன வாரம் ஆவடியில் எங்கள் சபைப் போதகர் மாற்றலாகிப் போனார். வாசலில் நின்ற மினி லாரியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அட்டை வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. போதகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஊர் மாறும் வாசனை. இத்தனை வயதாகியும், மளிகைக்கடைக்காரர் அட்டைப்பெட்டியில் சாமான் அனுப்பினால்கூட எங்கேயோ கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. சிரிக்காதீர்கள்.

போதகராக இருந்த அப்பா ஓய்வுபெற்றபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சபை வீட்டைக் காலி செய்துவிட்டு திருவேற்காட்டில் வாடகைக்கு வந்தோம். அப்போதுதான் சாமுவேல் பாஸ்டர் வரத் தொடங்கினார். இடம் மாறுகிற, ஓய்வுபெறுகிற, துணையை இழந்த போதகர்களுக்குப் பக்கத்திலிருந்து வழிகாட்டுவதுதான் அவர் வேலை. திங்கள்தோறும் வருவார். போதிக்க மாட்டார். அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார். நார் எடுக்காமல் நறுக்கித் திட்டும் வாங்குவார்.

"பழைய சபைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதீங்க, ஜெபராஜ். புதுசா வந்தவரு கால் ஊனட்டும்" என்றார் அப்பாவிடம், முதல் நாளே.

ஆனால் அந்தச் சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? நானும் கூடப் போனேன். ஷாமியானாவின் கடைசி வரிசையில் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவரின் மகன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர், இங்க ஏன் குந்திகினு கீறீங்க? வந்து ஜெபம் பண்ணுங்க. எங்க நைனா கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுகினு இருந்தாரு."

அப்பா எழுந்து அவரை அணைத்துக்கொண்டார். "உங்க பாஸ்டர் அதோ நிக்கிறாரு தம்பி. அவரைக் கூப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அடுத்த திங்களன்று சாமுவேல் பாஸ்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவே சொல்லி அழுகிற வரைக்கும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒருநாள் சாமுவேல் பாஸ்டரின் மனைவி தூக்கத்திலேயே போய்விட்டார். எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், அடக்கம் முடிந்த பிறகு தன்னைப் பார்க்க வந்த யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. வேலப்பன்சாவடியில் அவர் வீட்டு மாடிப்படியில் போய் அப்பா உட்கார்ந்தார். துணைக்கு நான்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேணாம், ஜெபராஜ்." உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொல்ல வரல. காபி குடிக்கணும்போல இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பாலை அடுப்பில் வைத்தார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார்கள். ரவை, உளுந்து, மிளகாய்த்தூள்.

"அவதான் கலந்து தருவா. எங்க வச்சிருக்கான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசிவரை காபி போடவே இல்லை.

அதன் பிறகு சாமுவேல் பாஸ்டர் யாரையும் பார்க்கப் போகவில்லை. மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே அவர் இறந்தார், அடக்கமும் அங்கேயே நடந்தது. அப்பாவும் போய்விட்டார். இப்போது இந்த மாதிரி ஆலோசனைக்கெல்லாம் செல்போனில் நேரம் குறித்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஊருக்கும் சொந்தக்காரர்களுக்கும், ஏன், அம்மாவுக்கும்கூட அப்பா வெறும் 'பாஸ்டர்'தான். ஜெபராஜ் என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறி வர ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்தப் பேரை யாராவது சொல்லிக் கேட்டு வருஷக்கணக்காகிறது.